சிறைமீண்டோரும் குடியிருப்பும்: இடைத்தங்கல் இல்லங்கள் பற்றிய விவாதத்தின் சமூக அடிப்படை

விக்டர் ஹியூகோ 1862இல் வெளியிட்ட ‘லே மிசராப்ல்’ என்னும் நாவலைத் தமிழ் வாசகர் சுத்தானந்த பாரதியாரின் ‘ஏழை படும் பாடு’ என்னும் மொழியாக்கத்தின் வாயிலாக அறிவர். நூலை வாசியாத பலர் 1950இல் வெளியான அதே பெயருடைய திரைப்படத்தின் வாயிலாக அறிவர். சிறைமீண்ட கதைத் தலைவனுக்கு உணவும் படுக்கையும் தந்து, அவன் வெள்ளிப் பாத்திரங்களைத் திருடியதையும் பொறுத்துக்கொண்ட ஆயரின் கருணையே இந்நாவல் பற்றிய பேச்சுகளிற் பெரிதும் போற்றப்படுவது. அக்கருணைக்கு முன்னர் அவ்விரவில் நிகழ்ந்தவை எமது நோக்கிற்கு அதனினும் முக்கியமானவை. பத்தொன்பது ஆண்டுச் சிறைவாசத்தின் பின் 1815ஆம் ஆண்டின் ஒரு மாலைப்பொழுதில் தீஞ் என்னும் சிறுநகருக்கு நடந்து வரும் ழான் வல்ழானிடம் பணம் இருக்கின்றது. சிறையிற் செய்த வேலைக்குக் கிடைத்த கூலி அது. ஆயினும் அவன் காவிவரும் மஞ்சள் நிறக் கடவுச்சீட்டின் செய்தி பரவியதும் விடுதிக்காரன் அவனை வெளியேற்றுகின்றான். மற்றைய விடுதியிலும் அதுவே நிகழ்கின்றது. ஊர்ச் சிறைச்சாலையின் கதவைத் தட்டி ஓரிரவு தங்க இடம் கேட்கின்றான். கைதாகி வந்தாற் கதவு திறக்கும் என்னும் பொருள்படவே விடை கிடைக்கின்றது. ஈற்றில் நாயொன்றின் கூட்டினுள் நுழைந்து, அங்கிருந்தும் துரத்தப்படுகின்றான்.

பணமிருந்தும் படுக்கை கிடையாத இந்நிலையை வறுமை என்னும் ஒரு சொல்லால் விளக்கிவிட முடியாது. விடுதி என்பது இருப்பிடத்தைச் சரக்காக விற்கும் இடம். விலை கொடுக்க வல்லவனுக்கும் அச்சரக்கு மறுக்கப்படுகின்றது எனில், அதன் பெறுமதியை நிர்ணயிக்கும் கூறுகளுள் அயலில் இருப்பவர் யார் என்பதும் ஒன்று என்பது பெறப்படும். அரிசியையோ துணியையோ வாங்கும் ஒருவர் அதே கடையில் அடுத்து வாங்கியவர் எவர் என்று வினவுவதில்லை. வீட்டையும் காணியையும் பொறுத்தவரை அவ்வினாவே முதலில் எழுகின்றது. இருப்பிடம் என்னும் சரக்கின் இத்தனி இயல்பினை மனங்கொள்ளாது நாம் ஆராயப் புகும் விவாதத்தினை விளங்கிக்கொள்ள இயலாது.

தண்டனைக்காலம் முடிந்தோ, அது முடியச் சில மாதங்கள் இருக்கையிலோ சிறையினின்றும் வெளிவருவோர், தொழிலும் நிலையான வீடும் தேடிக்கொள்ளும் வரை தங்குவதற்கென அமைக்கப்படும் இல்லங்களை இக்கட்டுரையில் இடைத்தங்கல் இல்லங்கள் எனக் குறிப்பிடுவோம். ஈழத்துத் தமிழில் இடைத்தங்கல் என்னும் சொல் இடம்பெயர்ந்தோர் முகாம்களை நினைவூட்டுவது. சில நாளுக்கென அமைந்தவை ஆண்டுக்கணக்கில் நீடித்த கதையையும் அது உடன்கொண்டு வருகின்றது. அந்நிழல் இவ்விடத்திலும் பொருந்துவதால் அச்சொல்லையே கையாள்கின்றோம். இத்தகைய இல்லங்களை எங்கே அமைப்பது என்பது பற்றிய ஊரவர் விவாதம் பல நாடுகளில் உண்டு. எனினும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில், சிறப்பாக நியூயோர்க் நகரில், அதன் வர்க்க அடிப்படை தெளிவாகப் புலப்படுகின்றது. அங்கு அது ஒரு நாடகத்தோடு பிணைந்திருப்பதும் இலக்கிய மாணவராகிய நாம் அதிற் கவனஞ் செலுத்துவதற்கு ஒரு காரணமாகும்.

இல்லங்கள் பற்றிய எண்ணம் புதியதன்று. 1817இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்திற் சிறைகளை ஆராய்ந்த ஆணைக்குழுவொன்று, போக்கிடமற்று விடுதலையாவோர்க்குத் தற்காலிகப் புகலிடம் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை ஏற்கப்படவில்லை. விடுதலையானோரை ஒரே கூரையின்கீழ் வைத்தால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் குற்றம் தொற்றிவிடும் என்ற அச்சமே காரணம். அதுவரை அவர்கள் அரசின் செலவில் ஒரே மதிலின் உள்ளேதான் இருந்தனர் என்பது சட்டசபையினருக்குத் தோன்றவில்லைப் போலும். அரசு செய்யாததைச் சமயப் பற்றுடைய தனியார் செய்தனர். குவேக்கர் மரபினர் முன்னின்ற சங்கமொன்று 1845இல் நியூயோர்க்கிற் பெண்களுக்கென ஓர் இல்லத்தைத் தொடங்கிற்று. 1896இல் மோட் பாலிங்ரன் பூத் அம்மையார் ஆண்களுக்கான ‘ஹோப் ஹோல்’ இல்லத்தை நிறுவினார். 1959இல் சென்ற் லூயி நகரிற் கத்தோலிக்கக் குருவானவர் ஒருவர் தொடங்கிய இல்லம், கிறிஸ்துவோடு சிலுவையில் அறையப்பட்டு மனந்திரும்பிய கள்வனின் பெயரால் டிஸ்மஸ் இல்லம் எனப்பட்டது. இப்பெயர்களே ஒரு கருத்தியலைச் சுட்டி நிற்கின்றன. நம்பிக்கை, மனந்திரும்புதல், மீட்பு என்பனவே இவ்வியக்கத்தின் மொழி. கூரை என்பது அம்மொழியில் ஆன்ம ஈடேற்றத்துக்கான சாதனமாக மட்டுமே இடம்பெற்றது. 1961இல் கூட்டாட்சி அரசு இத்துறையிற் கால்பதித்த பின்னரும் அம்மொழி முற்றாக மறையவில்லை. மீட்பு என்பதன் இடத்திற் புனர்வாழ்வு என்ற சொல் வந்தது.

தண்டனை முறைகளின் வரலாற்றை உழைப்புச் சந்தையின் வரலாற்றோடு இணைத்து நோக்கிய முன்னோடி நூல் றுஷே, கிர்க்ஹைமர் ஆகியோர் 1939இல் வெளியிட்ட ‘தண்டனையும் சமூக அமைப்பும்’ என்பதாகும். உழைப்புக்குத் தட்டுப்பாடு நிலவும் காலத்திற் குற்றவாளியின் உடல் பயன்படுத்தப்படுகின்றது. உழைப்பாளர் மலிந்த காலத்தில் அது ஒதுக்கப்படுகின்றது என்பது அவர்தம் வாதத்தின் சாரம். இவ்வாதம் எல்லாக் காலத்துக்கும் நேர்கோடாகப் பொருந்துவதன்று. அரசியல், இனப்பாகுபாடு ஆகியவற்றின் தனித்த பங்கினை அது குறைத்து மதிப்பிடுகின்றது என்ற கண்டனத்தில் நியாயம் உண்டு. ஆயினும் அமெரிக்காவின் அண்மைக்கால வரலாற்றை நோக்குவோர் அதனை முற்றாக ஒதுக்கிவிட முடியாது. அந்நாட்டின் பெருநகர்களிலிருந்து ஆலைத்தொழில் வெளியேறிய அதே தசாப்தங்களிற் சிறைகள் நிரம்பின. 1970களின் தொடக்கத்தில் மாநில, கூட்டாட்சிச் சிறைகளில் இருந்தோர் ஏறத்தாழ 2 இலட்சம். 2009இல் அத்தொகை 16 இலட்சமாயிற்று. புனர்வாழ்வு முயற்சிகளாற் பயன் குறைவு என்ற முடிவினை றொபேட் மார்ட்டின்சன் 1974இல் வெளியிட்டார். அதிலிருந்து 1979இல் அவரே பெருமளவு பின்வாங்கிய போதிலும், முதற்கூற்றே அரசுக்கு வாய்ப்பாக இருந்தது. சிறை புகுந்தோர் ஒருநாள் வெளிவரவே செய்வர். 2004இல் அந்நாட்டுச் சனாதிபதி தமது ஆண்டு உரையில், அவ்வாண்டில் விடுதலையாக இருப்போர் 6 இலட்சம் பேர் எனக் குறிப்பிட நேர்ந்தது.

வெளிவருவோர் எங்கே உறங்குவது என்னும் வினாவுக்கு ஊர்க்கூட்டங்களில் எழும் எதிர்ப்பினைப் பொதுவாக மூடத்தனம் என்றோ கல்நெஞ்சம் என்றோ ஒதுக்குவது தாராளவாதிகளின் வழக்கம். நாம் அவ்வாறு செய்தல் தகாது. ‘நேர்மையாக உழைக்கும் எனக்கே வீடில்லை, திருடனுக்கு வீடு கட்டுகின்றார்கள்’ என்ற குரலை எடுத்துக்கொள்வோம். 1834ஆம் ஆண்டின் ஆங்கில வறியோர் சட்டம், அரச உதவி பெறுவோனின் நிலை உழைத்துண்ணும் தொழிலாளருட் கடைநிலையிலுள்ளவனின் நிலையிலும் மேம்பட்டதாக இருத்தலாகாது என்னும் விதியை நிறுவிற்று. றுஷே அவ்விதியினைச் சிறைக்கும் பொருத்திக் காட்டினார். சிறையில் இருப்போன் வாழ்வு வெளியிலுள்ள கடையனின் வாழ்விலும் கீழாக இருந்தாலன்றிச் சிறை அச்சம் தராது. ஊர்க்கூட்டத்தில் எழுந்து பேசும் வாடகைக் குடியிருப்பாளர் அச்சட்டத்தைக் கேள்விப்பட்டும் இருக்கமாட்டார். அதன் தர்க்கத்தையே அவர் தமது சொந்த நியாயமாகப் பேசுகின்றார். எனினும் அக்குரலில் ஓர் உண்மை பொதிந்துள்ளது: அவருக்கு உண்மையாகவே வீடில்லை. அதனை மறுத்துரைக்கும் எவரும் அவரை வென்றெடுக்க முடியாது.

பாதுகாப்புப் பற்றிய அச்சமும் அத்தன்மையதே. ஒகாயோ மாநிலத்து இல்லங்களை லோவன்காம்ப், லற்றெஸா ஆகியோர் ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவுகள் இவ்விடத்துக் கவனத்திற்குரியன. மீண்டும் குற்றமிழைக்கும் வாய்ப்பு மிகுந்தவராக மதிப்பிடப்பட்டோர் விடயத்தில் இவ்வில்லங்கள் நற்பயன் விளைத்தன. வாய்ப்புக் குறைந்தோர் விடயத்தில் அவை தீங்கே விளைத்தன. ஊரவர் எவரைக் கண்டு மிகவும் அஞ்சுகின்றனரோ அவருக்கே இல்லத்தாற் பயன் மிகுதி என்பது இதனாற் பெறப்படும். அதேவேளை எல்லா இல்லங்களையும் ஒரே தராசில் இடுதல் தவறு. நியூ ஜேர்சி மாநிலத்திலே தனியார் நடத்திய இல்லங்களிலிருந்து 2005 முதல் ஏறத்தாழ 5,100 பேர் அனுமதியின்றி வெளியேறியமையை 2012இல் நாளேடொன்று அம்பலப்படுத்தியது. தலைக்கு இவ்வளவு என அரசிடம் பணம் பெற்று, ஊழியர் செலவைக் குறைத்து இலாபம் காணும் முறையில் இது வியப்புக்குரியதன்று. அவ்வாறான இல்லமொன்றின் அயலவர் அஞ்சினால், சிறைமீண்டோர்பால் அவருக்குள்ள வெறுப்பினை மட்டும் அதற்குக் காரணமாகக் கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

இனி, காணி விலை. குடியிருப்புப் பிரச்சினை பற்றி 1872–73இல் எழுதிய ஏங்கெல்ஸ், முதலாளித்துவம் அப்பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, ஓரிடத்திலிருந்து அகற்றி மற்றோரிடத்தில் மீண்டும் தோன்றச் செய்கின்றது என விளக்கினார். இடைத்தங்கல் இல்லங்களின் வரலாறு அவ்விளக்கத்துக்கு உரை எழுதுவது போன்று அமைந்துள்ளது. செல்வர் வாழும் பகுதிகளில் வழக்கறிஞரும் வலய விதிகளும் முன்னின்று இல்லத்தைத் தடுப்பர்; அங்கு ஊர்க்கூட்டம் நிகழவேண்டிய தேவையே பெரும்பாலும் எழுவதில்லை. எனவே நாம் செய்தியாக வாசிக்கும் கூச்சல் மிகுந்த விவாதங்கள் யாவும் ஏழைகளின் அயலில் நிகழ்பவை. இதிலொரு முரண்பாடும் உண்டு. நியூயோர்க் மாநிலத்தின் வடபகுதிச் சிற்றூர்கள் 1980களிலும் 1990களிலும் தம்மிடையே சிறைச்சாலை அமைவதைப் பெரிதும் விரும்பின. காவலர் வேலையும் சம்பளமும் அதனால் வந்தன. அச்சிறைகளில் அடைக்கப்பட்ட நகரவாசிகள், 2010இல் மாநிலச் சட்டம் மாற்றப்படும் வரை, தொகுதி நிர்ணயத்தின்போது அச்சிற்றூர்களின் குடிகளாகவே எண்ணப்பட்டனர். கதவு பூட்டியிருக்கும் வரை ஊருக்கு வருவாயும் வாக்குப் பலமும் தரும் அதே மனிதன், கதவு திறந்த மறுநாள் எவ்வூருக்கும் வேண்டாதவனாகின்றான்.

அவன் எங்கிருந்து வந்தவன் என்பதைச் சிறைக்குள் இருந்தோரே ஆராய்ந்து கூறினர். கிறீன் ஹேவன் சிறையில் இருந்த கைதிகள் சிலர் மேற்கொண்டு, 1992இற் பரவலாக அறியவந்த அவ்வாய்வு, மாநிலச் சிறைகளில் இருந்தோருள் நூற்றுக்கு 75 பேர் நியூயோர்க் நகரின் ஏழு பகுதிகளிலிருந்து வந்தவர் எனக் காட்டிற்று. ஹார்லெம் அவற்றுள் ஒன்று. பல்கலைக்கழகத்தாராகிய நாம் இவ்வாய்வின் ஆசிரியர் எவர் என்பதைச் சற்றே நினைத்துப் பார்த்தல் நன்று. ‘அந்நியரை எம்மூருக்குக் கொண்டுவருகின்றீர்கள்’ என ஹார்லெமில் ஒருவர் கூறும்போது அவர் பெரும்பாலும் தம் தெருவிற் பிறந்தவனையே அந்நியன் என்கின்றார். தாயின் வீட்டுக்குத் திரும்பினால் என்ன என்று கேட்கலாம். 1996இல் நடைமுறைக்கு வந்த பொதுக் குடியிருப்பு விதிகளின்படி, வீட்டார் ஒருவரின் போதைப்பொருட் குற்றத்துக்காகக் குடும்பம் முழுவதையும் வெளியேற்றலாம். குற்றத்தைக் குடியிருப்பாளர் அறிந்திராவிடினும் அது செல்லும் என 2002இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே மகனை வீட்டிற் சேர்க்க அஞ்சும் தாயின் அச்சத்தைச் சட்டமே தோற்றுவித்தது.

இத்தகைய சூழலில் எழுந்ததே மேற்கு ஹார்லெமின் ‘காஸில்’ இல்லம் பற்றிய விவாதம். அதன் தோற்றுவாய் 1967இல் நியூயோர்க்கில் மேடையேறிய ‘ஃபோர்ச்சூன் அன்ட் மென்ஸ் ஐஸ்’ என்னும் நாடகம். இளமையிற் சிறைப்பட்ட அனுபவமுடைய கனேடிய நாடகாசிரியர் ஜோன் ஹேர்பேட் அதனை எழுதினார். தலைப்பு சேக்ஸ்பியரின் 29ஆம் சொனெற்றிலிருந்து பெறப்பட்டது. முதன்முறை சிறை புகும் இளைஞன் ஒருவன் அங்குள்ள வன்முறையால் உருமாறுவதே கதை. நாடகம் முடிந்த பின் அவையோருடன் கலந்துரையாடலை ஒழுங்குசெய்தார் தயாரிப்பாளர் டேவிட் றொதன்பேர்க். நாடகம் மிகைப்படுத்துகின்றது என ஒருவர் ஐயுற்றபோது, பல்லாண்டு சிறையில் இருந்த ஒருவர் அவையிலிருந்தே எழுந்து விடையளித்தார் என்பர். அதன்பின் சிறைமீண்டோர் பலர் மேடைக்கு வந்து பேசலாயினர். அவ்வாண்டிலேயே ஃபோர்ச்சூன் சொசைற்றி என்னும் சங்கம் உருவாயிற்று. பேச வந்தவர்கள் பேச்சு முடிந்ததும் தங்க இடமில்லை என்றனர். நாடகம் எழுப்பிய உணர்ச்சியைக் கூரையாக மாற்றுவதற்குச் சங்கத்துக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றது.

ஹட்சன் ஆற்றை நோக்கிய ரிவர்சைட் டிரைவில், முன்னர் கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியாக இருந்து பின் பாழடைந்து கிடந்த, கோட்டை போன்ற தோற்றமுடைய கட்டடமொன்றை 1990களின் இறுதியிற் சங்கம் தேர்ந்தெடுத்தது. அயலவர் எதிர்த்தனர். பிள்ளைகளின் பாதுகாப்பினைச் சுட்டினர். நகரின் ஏனைய பகுதிகள் ஏற்க மறுக்கும் நிலையங்கள் யாவும் ஏன் எம்மிடமே வருகின்றன எனக் கேட்டனர். இவ்விரண்டாவது வினா செல்வர் பகுதியில் எழும் எதிர்ப்போடு ஒப்பிடத்தக்கதன்று. செல்வர் தம் காணியின் விலையைக் காக்கின்றனர். ஹார்லெம் மக்களோ, நிலச்சொந்தக்காரர் கைவிட்ட கட்டடங்களின் நடுவே பல்லாண்டு வாழ்ந்து, காணி விலை ஏறத் தொடங்கியதும் தாமே வெளியேற்றப்படும் அபாயத்தில் இருந்தோர். இரண்டு எதிர்ப்பினையும் ஒரே பெயரால் அழைக்கும் ஆய்வாளர் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகின்றனர். சங்கத்தார் கூட்டங்கூட்டமாகச் சென்று பேசினர். கட்டடத்தின் கதவை அயலவருக்குத் திறந்துவிட்டனர். 2002இல் ஏறத்தாழ 60 படுக்கைகளோடு இல்லம் தொடங்கிற்று. வியாழக்கிழமை இரவுகளில் அங்கு வசிப்போர் கூடித் தம் விடயங்களைப் பேசுவது அதன் வழக்கமாயிற்று.

ஊரவரின் மனநிலை மாறியமைக்கு நற்பழக்கமும் உரையாடலும் காரணம் எனச் சங்கத்தின் ஆதரவாளர் கூறுவர். அவை ஓரளவு காரணமே. ஆனால் 2010இல் அருகே திறக்கப்பட்ட ‘காஸில் கார்டன்ஸ்’ என்னும் மாடிக் குடியிருப்பினையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். அதிலுள்ள 114 வீடுகளுள் 63 வீடற்ற சிறைமீண்டோர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும், 50 வருமானம் குறைந்த ஏனைய குடும்பங்களுக்கும் ஒதுக்கப்பட்டன. முன்னர் எதிர்த்த ஊர் இதனை ஆதரித்தது. ‘எனக்கே வீடில்லை’ என்ற குரலுக்கு அறவுரையால் விடை கூறாமல் வீட்டினாலேயே விடை கூறிய இவ்வேற்பாடு, எதிரெதிராக நிறுத்தப்பட்ட இரு வறியோரையும் ஒரே படிக்கட்டில் ஏற வைத்தது. எமது நோக்கில் இவ்விவாத வரலாற்றின் மிக முக்கியமான நிகழ்ச்சி இதுவே. அது பரவவில்லை என்பதையும் கூறியாக வேண்டும். வாஷிங்டன் நகரில் ஆண்களுக்கு இருந்த இடைத்தங்கல் இல்லம் 2020இல் மூடப்பட்டது. அதற்குப் பதிலாக அமையவிருந்த இல்லத்துக்கு இடந்தர இணங்கிய கட்டட உரிமையாளர், அயலவர் எதிர்ப்பின் பின் விலகிக்கொண்டிருந்தார். இடைத்தங்கல் தேவைப்பட்ட வாஷிங்டன் ஆண்கள் பலர் வேறொரு நகரான போல்ரிமோருக்கு அனுப்பப்பட்டனர்.

காஸில் இல்லத்தில் வாழ்ந்த நால்வர் தம் கதையைத் தாமே கூறும் ‘த காஸில்’ என்ற நாடகம் 2008இல் மேடையேறிற்று. நாடகத்தில் தொடங்கியது நாடகத்துக்கே மீண்டது எனலாம். அவர்கள் போராடி உயர்ந்தவர்கள். அவர்களைக் கண்டு அவையோர் மனமிளகியதில் ஐயமில்லை. எனினும் இவ்வகைக் கதைகளில் நாம் ஓர் எச்சரிக்கையோடு இருத்தல் வேண்டும். ஹியூகோவின் வல்ழான் சமூகத்தில் ஏற்கப்படுவது எவ்வாறு? பெயரை மாற்றி, கறுப்புக் கண்ணாடி மணிகள் செய்யும் ஆலைக்கு உடைமையாளனாகி, நகரபிதாவும் ஆகின்றான். முதலாளியான பின்னரே அந்தச் சிறைமீண்டவனுக்குக் கதவுகள் திறந்தன. பெரும் ஆன்மாவும் பெரும் ஆலையும் இல்லாத சாதாரண சிறைமீண்டவனைப் பற்றி நாவல் பேசவில்லை. (தமிழ்த் திரையுலகு ஒருபடி மேலே சென்றது, அப்படத்திற் பொலிஸ் அதிகாரியாக நடித்த சீதாராமனின் பெயரோடு ‘ஜாவர்’ நிலையாக ஒட்டிக்கொண்டது. கைதியின் பெயர் எவருடனும் ஒட்டவில்லை.)

அச்சாதாரண மனிதனுக்கென நியூயோர்க் மாநகரசபை 2023 திசெம்பரில் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. 2025 சனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. வீட்டுரிமையாளர், விண்ணப்பதாரரின் ஏனைய தகுதிகளை ஏற்று வீடு தர இணங்கிய பின்னரே அவர்தம் குற்றப் பதிவினைப் பார்க்கலாம். பார்க்கக்கூடிய காலமும் வரையறுக்கப்பட்டது: சிறு குற்றமாயின் மூன்று ஆண்டு, பெருங் குற்றமாயின் ஐந்து ஆண்டு. இக்காலம் சிறைப்பட்டோர் விடயத்தில் விடுதலையான நாளிலிருந்தே எண்ணப்படும். மஞ்சட் கடவுச்சீட்டு இங்ஙனம் ஐந்தாண்டுக்குக் குறுக்கப்பட்டது. சிறைமீண்டவர் வீடின்றி அலைவதும், மீண்டும் சிறை புகும் வாய்ப்பு மிகுந்திருப்பதும் அவ்வைந்தாண்டின் தொடக்க மாதங்களிலேதான். அம்மாதங்களுக்குரிய படுக்கையை எவ்வூரில் இடுவது என்பதை அச்சட்டமும் ஊர்க்கூட்டத்துக்கே விட்டிருக்கின்றது.